மேட்டூர் திறந்தால் குறுவை நிச்சயமா?

கிளாட் நுழைவுத் தேர்வின் லாஜிக் கேள்விகள் குறித்து டெல்டா வாசகர்கள் கேட்டவை

கே: என் மகள் வக்கீலுக்குப் படிக்கிறேன் என்கிறாள். பிளஸ் டூ மார்க் போதாதா, கிளாட் எதற்கு? (ஒரத்தநாடு)

ப: தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர பிளஸ் டூ மார்க்கே போதும். பெங்களூரு, ஐதராபாத், நமக்குப் பக்கத்தில் திருச்சி நாவலூர்குட்டப்பட்டு என்று தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் போவதென்றால் கிளாட் எழுதியாக வேண்டும். 120 கேள்வி, 120 நிமிடம். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மார்க் பிடிப்பார்கள். லாஜிக் பகுதியில் 22 முதல் 26 கேள்விகள் வரும். மகளை எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அவள் உங்களை மடக்குகிற வேகத்துக்கு ஒரு பட்டம் கிடைக்கட்டுமே!

கே: லாஜிக் கேள்வி படித்தால் தலை சுற்றுகிறது. பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் இது வருமா? (பாபநாசம், பிளஸ் டூ மாணவன்)

ப: தம்பி, நெல் போட அப்பாவுடன் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருக்கிறாயா? போயிருந்தால் பாதிப் பாடம் முடிந்தது. "ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டோம்." இதுதான் விதி. இப்போது நான்கு ஆப்ஷன்:

அ) ஒருவரின் நெல்லை எடுக்கவில்லை, ஆகவே அதில் ஈரம் அதிகம்.
ஆ) ஈரம் 16 சதவீதம்தான், ஆகவே கண்டிப்பாக எடுப்பார்கள்.
இ) விதிப்படி ஒருவரின் நெல்லை எடுத்துவிட்டார்கள், ஆகவே ஈரம் 17-ஐத் தாண்டவில்லை.
ஈ) மழை பிடித்த வருஷம் என்றால் 19 சதவீதத்தையும் எடுப்பார்கள்.

அவசரத்தில் 'ஆ'வைத் தொடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் 16 சதவீதத்தில் காய வைத்த நெல்லோடு சாக்கு இல்லாமல் காத்துக் கிடந்தவர்களை டெல்டாவில் யாருக்குத் தெரியாது? ஈரம் தாண்டினால் எடுக்க மாட்டோம் என்றுதான் விதி சொன்னது. தாண்டாவிட்டால் எடுத்தே தீருவோம் என்று வாக்குக் கொடுக்கவில்லை. 'அ'வும் அதே தப்பின் மறுபக்கம்: எடுக்காததற்குச் சாக்குப் பற்றாக்குறையும் காரணமாக இருக்கலாம். விடை 'இ'.

'ஈ'தான் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கென்றே வைத்த கண்ணி. ஈரப்பதத் தளர்வு சில வருஷங்களில் கிடைத்தது உண்மைதான். ஆனால் கேள்விக்குக் கொடுத்த பத்தியில் அது இல்லையே! பத்திக்கு வெளியே உனக்குத் தெரிந்தது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அந்த இரண்டு மணி நேரம் அது வாசலிலேயே நிற்கட்டும்.

கே: அசம்ப்ஷன் கேள்வியில் மட்டும் தொடர்ந்து மார்க் போகிறது. எப்படிப் பிடிப்பது? (திருவையாறு)

ப: ஆப்ஷனைத் தலைகீழாக்கிப் பாருங்கள். வாதம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்துவிட்டார்கள், ஆகவே இந்த வருஷக் குறுவை நல்லபடியாக விளையும்." சொல்லாமல் விட்டது எது? ஒரு ஆப்ஷன், "அறுவடை நெருங்கும்வரை வயலுக்குப் போதிய தண்ணீர் கிடைக்கும்" என்கிறது. தலைகீழாக்குங்கள்: "நடுவிலேயே தண்ணீர் போதாமல் போகும்." வாதம் அந்த இடத்திலேயே சாய்கிறது. அப்படியென்றால் அதுதான் அசம்ப்ஷன். இன்னொரு ஆப்ஷன், "முந்தைய ஆண்டைவிடச் சீக்கிரம் திறந்தார்கள்." இதைத் தலைகீழாக்கினாலும் வாதத்துக்கு ஒரு கீறலும் விழாது. தள்ளிவிடுங்கள்.

இது வெறும் பயிற்சிக் கணக்கும் அல்ல. 2023-ல் ஜூன் 12-ஆம் தேதியே திறந்தார்கள். கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் முழுதாக வரவில்லை; கடைமடையில் குறுவைப் பயிர் கருகியது; அக்டோபர் 10-ல் அணையை மூடிவிட்டார்கள். சொல்லாமல் விட்ட அசம்ப்ஷன் பொய்த்தால் என்ன ஆகும் என்பதை நாகப்பட்டினம் விவசாயிக்கு எந்தக் கோச்சிங் சென்டரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கே: கடைசியில் இரண்டு ஆப்ஷன் மிஞ்சுகிறது. நான் தொடுவது எப்போதும் தப்பாகவே இருக்கிறது! (கும்பகோணம்)

ப: எப்போதுமா? இந்த 'எப்போதும்' போன்ற சொற்களைத்தான் ஆப்ஷன்களில் தேடச் சொல்கிறேன். 'எல்லோரும்', 'ஒருபோதும்', 'மட்டுமே' என்று ஆப்ஷன் அடித்துச் சொன்னால், பத்தியும் அதே அளவுக்கு அடித்துச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். பத்தி 'சிலர்' என்றிருக்க ஆப்ஷன் 'பெரும்பாலோர்' என்றால், அந்த ஒரு சொல்லே அதைக் கழிக்கப் போதும்.

இதைவிட முக்கியமானது தப்புக் கணக்கு நோட்டு. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரி: தப்பு ஆப்ஷன் என்னை ஏன் இழுத்தது? சரியான ஆப்ஷனை நான் ஏன் தள்ளினேன்? விடைத்தாளைப் பார்த்து "ஆமாம், புரிகிறது" என்று தலையாட்டுவது படிப்பாகாது. குருட்டாம்போக்கில் சரியான கேள்விகளையும் அதே நோட்டில் எழுதுங்கள். அதிர்ஷ்டம் தேர்வு நாளிலும் கூடவே வரும் என்று நம்ப முடியாது. வாரம் ஒரு மாக் டெஸ்ட் எழுதி ஒரு முழுநாள் அலசுகிறவரை, தினம் ஒன்று எழுதி மார்க்கை மட்டும் பார்க்கிறவர் முந்த மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

கே: தெரியாததை விட்டுவிடலாமா? (மன்னார்குடி)

ப: நான்கில் இரண்டைக் கழித்துவிட்டால் தைரியமாகத் தொடுங்கள்; கணக்கு உங்கள் பக்கம்.

கே: அமெரிக்கச் சட்ட நுழைவுத் தேர்வான எல்சாட்டின் புத்தகம் கிடைத்தது. படிக்கலாமா? (பட்டுக்கோட்டை)

ப: தாராளமாக. வாதங்களை உடைத்துப் பார்க்கும் பயிற்சிக்கு அவ்வளவு நல்ல கேள்விகள் வேறெங்கும் இல்லை. பழைய பதிப்பாக இருந்தால், யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்கிற 'லாஜிக் கேம்ஸ்' பகுதி இருக்கும். 2024 ஆகஸ்டிலிருந்து அங்கே அது கிடையாது. பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கும் அதையொட்டி 2019-ல் வந்த உடன்பாடும் அதற்கு வழிவிட்டன. படம் போட்டுத் தீர்க்கும் புதிர் பார்வையற்றவருக்கு எப்படி நியாயமாகும்? அப்படிக் கேட்டு வழக்குப் போட்டவர் ஜெயித்திருக்கிறார், மகிழ்ச்சி!

கே: தர்க்கம் எல்லாம் வெள்ளைக்காரன் சரக்குதானே? (சீர்காழி)

ப: உங்கள் ஊருக்குப் பக்கத்துக் காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்த மணிமேகலையைக் கேளுங்கள். காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு ஏதுவையும் எடுத்துக்காட்டையும், ஒரு வாதம் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்பதையும் ஒரு காதை முழுக்கப் பாடம் நடத்துகிறார். அந்த நூலை உ.வே.சா. 1898-ல் பதிப்பித்தபோது கும்பகோணம் கல்லூரியில்தான் ஆசிரியராக இருந்தார்.

கே: தமிழ்வழியில் படித்தவள் நான். தேர்வு ஆங்கிலத்தில். என்ன செய்வேன்? (திருத்துறைப்பூண்டி, பிளஸ் ஒன் மாணவி)

ப: பிளஸ் ஒன்னிலேயே கேட்டீர்கள் பாருங்கள், அதுவே பாதி வெற்றி. பத்திகள் ஏறக்குறைய 450 சொல் வரும். வாசிப்பு வேகம் கூடாமல் தர்க்கம் கைகொடுக்காது. அதை மறைக்க மாட்டேன். தினம் ஓர் ஆங்கிலத் தலையங்கம் படியுங்கள். இவர் முடிவு என்ன, என்ன காரணம் சொல்கிறார் என்று இரண்டே வரி தமிழில் எழுதுங்கள். சிந்தனை எந்த மொழியில் ஓடினாலும் விடை ஒன்றுதான். பழைய வினாத்தாள்கள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

உங்கள் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிளாட் அண்மை ஆண்டுகளில் டிசம்பர் முதல் ஞாயிறில், பிளஸ் டூ படிக்கும்போதே நடக்கிறது. பொதுத்தேர்வு முடிந்தபின் சொன்னால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். ஜூன் மாதமே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.