பாதி படித்த நாய்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், யார்க்ஷயர் காட்டோரத்தில் ஈரமான நவம்பர்ச் சனிக்கிழமை ஒன்றில் ஃபெசண்ட் வேட்டைக்குப் போன கதையை எழுதினாலும் எழுதினேன். சுட்டவர்களைப் பற்றி ஒருவரும் விசாரிக்காமல், விழுந்த பறவையை எடுத்துவந்த என் நாயைப் பற்றியே கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. காப்பியில் சிக்கரி கலப்பதை ஆதரித்து எழுதப்பட்ட இரண்டை வழக்கம்போல அடுப்பில் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கே: "பாதிப் பயிற்சி பெற்ற லாப்ரடார் விலைக்கு" என்று விளம்பரம் பார்த்தேன். எந்தப் பாதி? (லெஸ்டர் வாசகர்)

ப: ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பிற்பாடு கேட்டவன் நான். நம் ஊரில் வரன் பேச வருகிறவர்கள், "பையன் பி.ஏ. வரை படித்திருக்கிறான்" என்பார்களே, அந்த "வரை" என்னும் இரண்டெழுத்தில் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறதோ அத்தனையும் இந்தப் "பாதி" என்னும் இரண்டெழுத்திலும் அடங்கியிருக்கிறது. யோக்கியமான விற்பனைக்காரர் அப்படிச் சொன்னால், நாய்க்கு ஒரு வயதுக்கு மேலாகிறது, கயிறில்லாமல் காலோடு ஒட்டி நடக்கும், ஒற்றை ஊதலுக்கு உட்காரும், உட்காரவைத்த இடத்தில் இருக்கும், பறவைக்குப் பதிலாக எறிந்த டம்மியை நேராகக் கையில் கொண்டுவந்து கொடுக்கும், தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது, செத்து ஆறிப்போன பறவை ஒன்றிரண்டை வாயில் சுமந்திருக்கிறது என்று அர்த்தம். மிச்சமிருக்கும் பாதி என்னவென்றால், வரிசையாக எட்டுத் துப்பாக்கிகள் வெடிக்க, வானத்திலிருந்து சூடான பறவைகள் சொத்துச் சொத்தென்று விழ, பக்கத்து நாய் பைத்தியம் பிடித்து ஓட, மூக்குக்கு முன்னால் ஒரு முயல் கடந்துபோக, இத்தனைக்கும் நடுவே ஒன்றும் நடவாததுபோல் உட்கார்ந்திருப்பது. பள்ளிக்கூடம் முடிந்தது, சம்சாரம் இனிமேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கதையைக் கேளுங்கள். நான் வாங்கிய நாயை அதன் பழைய யஜமானர் தம் சொந்த வயலில் ஓட்டிக் காட்டியபோது, எறிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு பச்சைக் கதவருகே நின்ற அவர் கையில் அம்புபோல் வந்து சேர்த்ததைப் பார்த்து மெய்ம்மறந்து, கேட்ட தொகையைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அது கற்றது வித்தையை அல்ல, அந்தக் கதவை என்று தெரிந்தது. நான் எறிவதை எடுத்துக்கொண்டு, எங்கே பச்சைக் கதவு என்று தேடிப்போய், அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வாசலில் பக்தியோடு வைத்துவிட்டுத் திரும்பும். அந்த மனிதர் ஒவ்வொரு டம்மியையும் பல் படாமல் எடுத்துவந்து, என் எதிரே நின்று, கையில் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு மாத காலம் எங்கள் தெருவில் முழுப் பயிற்சி பெற்றவர் அவர் ஒருவர்தான்.

ஆகையால், நாய் முன்பின் கண்டிராத நிலத்தில் அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஊதலை நீங்கள் வாங்கிக்கொண்டு நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஏன் விற்கிறீர்கள் என்றும் கேளுங்கள். "கொட்டிலில் இடமில்லை" என்றால் நம்பலாம். "பந்தயத்துக்கு வேண்டிய வேகம் போதவில்லை" என்றால் சந்தோஷமாகவே நம்பலாம், ஏனென்றால் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு நீங்களும் நானும் என்ன செய்யப்போகிறோம்? "அபார புத்திசாலி, அதனால்தான்" என்றால் பணப்பையை உள்ளே வையுங்கள். நாய் விற்ற காசு குரைக்காது என்பது விற்றவனுக்கு ஏற்பட்ட பழமொழி. வாங்கியவன் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் குரைக்கும்.

கே: எந்த மாதத்தில் வாங்கலாம்? (பர்மிங்ஹாம் வாசகர்)

ப: பிப்ரவரி 1ஆம் தேதியோடு ஃபெசண்ட், கவுதாரி வேட்டைக் காலம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வாங்கினால் கோடை முழுவதும் ஒருவரையொருவர் படிக்கலாம். ஆகஸ்டு 12இல் க்ரவுஸும், செப்டம்பர் 1இல் கவுதாரியும், அக்டோபர் 1இல் ஃபெசண்டும் ஆரம்பம். செப்டம்பர்க் கடைசியில் நாய் தேடுகிறவர், பரீட்சைக்கு முந்தின இரவு புத்தகக் கடையைத் தட்டுகிறவர்.

கே: எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அன்று போகலாமா? (கார்டிஃப் வாசகர்)

ப: கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிறும் கிறிஸ்துமஸும் ஃபெசண்டுக்கும் சட்டப்படி விடுமுறை.

கே: கறுப்பு, மஞ்சள், சாக்லேட் இவற்றில் எந்த நிறம் உத்தமம்? (சிங்கப்பூர் வாசகி)

ப: சேற்றில் இறங்கிய ஐந்தாவது நிமிஷம் மூன்றும் ஒரே நிறம்.

கே: தகப்பன் நாய் சாம்பியன் என்று வம்சாவளிப் பத்திரம் காட்டுகிறார்கள். நம்பலாமா? (ரெடிங் வாசகர்)

ப: எதில் சாம்பியன் என்று பாருங்கள். அழகுக் காட்சியில் வென்ற சாம்பியன் ஒன்று. களப்பரீட்சையில் மெய்யான பறவைகளைத் தேடி எடுத்து வென்ற சாம்பியன் வேறொன்று. முன்னதன் மகன் உங்கள் கூடத்தில் கம்பீரமாகப் படுத்திருப்பான், மழை பெய்தால் எழுந்திருக்க மாட்டான். காட்சிகளைப் பற்றி எனக்கு ஒரு துர்அபிப்பிராயம் உண்டு. அதற்குச் சரித்திர ஆதாரமும் உண்டு. 1859ஆம் வருஷம் ஜூன் மாதம் நியூகாஸில் நகரத்தில் பாயின்டர், செட்டர் என்னும் இரண்டு ஜாதிகளுக்கு மட்டும் ஒரு நாய்க் காட்சி நடந்தது, பரிசு, துப்பாக்கி. பாயின்டர் பரிசை வென்ற நாய், செட்டருக்கு நீதிபதியாக இருந்தவருடையது. செட்டர் பரிசை வென்ற நாய், பாயின்டருக்கு நீதிபதியாக இருந்தவருடையது. இருவரும் மனமொத்து நியாயம் வழங்கினார்கள். ஆறு வருஷம் கழித்து, 1865இல், பெட்ஃபர்ட்ஷயரில் சவுத்ஹில் என்ற இடத்தில் முதல் களப்பரீட்சை நடந்தது. நாயை வயலில் விட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை மனிதனுக்கு அப்புறம்தான் உதித்தது.

கே: இடுப்பு மார்க் என்கிறார்களே, அது என்ன? (ஆக்ஸ்ஃபர்ட் வாசகர்)

ப: பெற்ற நாய்களின் இடுப்பு மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்து, பக்கத்துக்கு 53 வீதம் மொத்தம் 106க்குப் போடும் மார்க். இதில் பூஜ்யம் வாங்கியவன்தான் முதல் மாணவன். முழங்கைக்கும் இப்படியே 0 முதல் 3 வரை உண்டு. கண் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். மருமகன் தேடும்போது யாரும் எக்ஸ்ரே கேட்பதில்லை. விளைவை நான் பல வருஷங்களாக அனுபவித்து வருகிறேன்.

கே: ஸ்பானியல் வாங்கலாமா? (டொரான்டோ வாசகர்)

ப: வாங்கலாம், உங்களுக்கு ஓய்வு என்பதில் நம்பிக்கை இல்லையென்றால்.

கே: எங்கள் ராஜபாளையத்து நாய்க்கு இந்த வித்தையெல்லாம் வராதா? (விருதுநகர் வாசகர்)

ப: 2005இல் தபால்தலையிலேயே இடம்பிடித்த நாயை நான் குறைத்துப் பேசுவேனா? ஆனால் தொழில் வேறு. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டு, காலால் துரத்தி, வாயால் பிடிக்கும் ஜாதி; அவற்றுக்குத் துப்பாக்கியும் தேவையில்லை, மனிதனும் அதிகமாகத் தேவையில்லை. லாப்ரடார் போன்ற ரிட்ரீவர், விழுந்ததைக் கண்டும் காணாததுபோல் உட்கார்ந்திருந்து, ஏவினால் மட்டும் போய், மூக்கால் தேடி, இறகு கலையாமல் எடுத்துவரும் ஜாதி. பீமனைக் கொண்டு தருமபுத்திரன் வேலையைச் செய்விக்க முயலாதீர்கள். மேலும் வனவிலங்குகளைக் காக்கும் 1972ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி நம் நாட்டில் இப்போது வேட்டை என்ற பேச்சே கிடையாது. ஊதினால் உட்காரப் பழக்கிப் பார்க்கலாம். உட்கார்ந்தால், உங்களுக்கு அது செய்யும் உபகாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: இங்கிலீஷில் பழகிய நாயை வாங்கித் தமிழில் ஏவலாமா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

ப: இப்படி ஒரு கேள்விக்காகத்தானே நான் இந்தப் பகுதியையே எழுதி வருகிறேன்! இங்கே லாப்ரடாரை உட்காரச் சொல்ல "சிட்", ஸ்பானியலை உட்காரச் சொல்ல "ஹப்", இன்னும் பின்னால் போய்த் தேடச் சொல்ல "பேக்", வாயிலிருப்பதைக் கையில் கொடுக்கச் சொல்ல "டெட்" என்று வைத்திருக்கிறார்கள். கொடுக்கிற நேரத்தில் "செத்தது" என்பானேன் என்று விசாரித்தால், தாத்தா அப்படித்தான் சொன்னார் என்பதற்கு மேல் பதில் வராது. நமக்கோ வா, போ, இரு, விடு, எடு, தேடு என்று ஓரெழுத்திலும் ஈரெழுத்திலும், நாய்க்கென்றே கடைந்தெடுத்தாற்போல் ஏவல் வினைகள் கைவசம் இருக்கின்றன.

ஆனால் சங்கடம் மொழியில் இல்லை, நம் மரியாதையில் இருக்கிறது. என் சிநேகிதர் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர். பிறந்தது முதல் எவரையும் ஒருமையில் அழைத்து அறியாதவர். அவர் தம் நாயைப் பார்த்து, "கொஞ்சம் அப்படியே உட்காருங்க கண்ணு, இப்ப ஓட வேண்டாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், நாய் ஓடி, பறவையை எடுத்து, பக்கத்துப் பண்ணையையும் கடந்திருக்கும். தஞ்சாவூர்க்காரர் இன்னொருவர், ஏவுவதற்கு முன் எதற்காக ஏவுகிறேன் என்பதற்குப் பூர்வபீடிகை சொல்லுகிற பழக்கமுள்ளவர். அவருடைய நாய் அதற்குள் தூங்கிவிடும்.

மொழியை மாற்றத்தான் வேண்டுமென்றால், புதுச் சொல்லை முதலில் சொல்லி, உடனே பழைய சொல்லையும் சொல்லுங்கள். "இரு, சிட்" என்று சில வாரங்கள் ஓதினால், பிறகு "இரு" ஒன்றே போதும். ஒரு நேரத்தில் ஒரு சொல்தான். ஊதலை மட்டும் மாற்றாதீர்கள். ஆக்மி ஊதல்களில் 210½ என்ற எண் ஸ்பானியலுக்கும் 211½ என்ற எண் லாப்ரடாருக்கும் என்பது வழக்கம். நாய் எந்த எண்ணில் பழகியது, ஒற்றை ஊதலுக்கு என்ன, தொடர் ஊதலுக்கு என்ன என்று விற்கிறவரிடம் எழுதி வாங்குங்கள். அகராதி இல்லாமல் நாயை வாங்கிவந்து, செவிடு என்று அதன்மேல் பழி போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கே: என் நாய் எல்லாம் செய்கிறது, காத்திருக்கும்போது மட்டும் முனகுகிறது. பெரிய குற்றமா? (எடின்பரோ வாசகர்)

ப: களப்பரீட்சையில் முனகினால் வெளியே, குரைத்தால் வெளியே, ஏவாமல் ஓடினால் வெளியே. பறவையைக் கடித்து நசுக்கினாலும் வெளியே; நீதிபதி அதன் விலா எலும்புகளை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் குற்றத்தைக் "கடுவாய்" என்று தமிழில் சொல்லலாம். கழுதைப்புலிக்கு அந்தப் பெயரை முன்னோர்கள் ஏற்கெனவே வைத்துவிட்டபடியால் பொருத்தம் இன்னும் அதிகம். முனகலுக்கு இதிகாசத்திலேயே தண்டனை உண்டு. பாண்டவர்களோடு வேட்டைக்குப் போன நாய், காட்டில் ஏகலைவனைக் கண்டு குரைத்தது. அவன் அதன் வாயை அம்புகளால் அடைத்துத் திருப்பியனுப்பினான். இந்தக் காலத்தில் அது கூடாது. முனகல் வந்த பிறகு போக்குவது பெரும்பாலும் நடவாத காரியம். ஆகவே வாங்கும்போதே, மற்ற நாய்கள் வேலை செய்ய இதை மட்டும் சும்மா உட்காரவைத்து, கால்மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கே: வீட்டுக்குள் வளர்ப்பதா, கொட்டிலிலா? (நாட்டிங்ஹாம் வாசகி)

ப: கொட்டிலில் பழகிய நாய்க்கு, தரையிலிருந்து உயர்த்திய பலகையும், காற்று ஊடுருவாத மூலையும், வெளியே ஓட முற்றமும் இருந்தால் குறையில்லை. வீட்டுக்குள் விட்டாலும் கெட்டுப்போகாது, குழந்தைகள் நாள் முழுவதும் பந்து எறிந்து விளையாடாமலிருந்தால். எறிந்ததற்கெல்லாம் ஓடிய நாய், வேட்டையன்றும் விழுந்ததற்கெல்லாம் ஓடும். வேலைக்குப் போகும் காலையில் வயிறு நிறையப் போடாதீர்கள். திரும்பியதும் முதலில் துவட்டுங்கள், பிறகு சோறு, அதற்குப் பிறகு உங்கள் காப்பி.

கே: மாமிசம் தொடாத நீங்கள், பிராணிகளைக் கொல்லும் இடத்தில் போய் நிற்கலாமா? பாவமில்லையா? (கும்பகோணம் வாசகி)

ப: அம்மா, இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் துப்பாக்கி எடுப்பதில்லை. சுடுகிறவர்களுக்குப் பின்னால், நெடுந்தூரம் தள்ளி, நாயோடு நிற்பதுதான் என் வேலை. சுட்ட பறவை அத்தனையும் அந்த க்ஷணமே செத்து விழுவதில்லை. சிறகொடிந்து விழுந்து, எழுந்து ஓடி, முட்புதருக்குள் ஒளிந்துகொள்பவையும் உண்டு. அவற்றை மனிதக் கண் காணாது. விட்டுவிட்டால் குளிரிலோ நரி வாயிலோ இரவெல்லாம் சாக வேண்டியதுதான். நாய், பறவை விழுந்த இடத்தில் மூக்கை வைத்து, அது ஓடிய தடத்தைப் பிடித்துக்கொண்டு, வேலி தாண்டி வாய்க்கால் தாண்டிப் போய்க் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறது. அதற்குமேல் அந்த ஜீவன் துன்பப்படாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். போன ஜனவரியில் ஒரு நாள் நன்றாக இருட்டிவிட்டது, எல்லோரும் வண்டியேறிவிட்டார்கள், இருபது நிமிஷமாக என் நாயைக் காணோம். கடைசியில், ஈரம் சொட்டச் சொட்ட, உயிரோடிருந்த ஒரு பெட்டைப் பறவையைக் கொண்டுவந்து கையில் வைத்தது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் தூக்கம் வந்தது. பாவமா என்று கேட்டீர்கள். சுடுவது பாவமென்றால் அதில் எனக்கும் பங்கிருக்கலாம், நாய்க்கு இல்லை.

கே: வரும் அக்டோபரில் என் நாய்க்கு முதல் வேட்டை. ஆலோசனை சொல்லுங்கள். (யார்க் வாசகர்)

ப: துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரே மனிதன் ஒரே சமயத்தில் பறவையையும் நாயையும் பார்க்க முடியாது. பார்க்காத நேரத்தில்தான் அது முதல் தடவை ஏவாமல் ஓடும், ஓடி ருசி கண்டுவிட்டால் கோடையில் செய்த வேலை முழுவதும் வீண். பத்துப் பறவை விழுந்தால் ஒன்பதை நீங்களே நடந்துபோய்ப் பொறுக்குங்கள். செத்துக் கிடக்கும் ஒன்றை மட்டும், சந்தடி ஓய்ந்த பிறகு, நாய்க்கு விடுங்கள். ஊர் சிரிக்கும். எங்கள் தெருத் தலைமையாசிரியர் அதற்கெல்லாம் அஞ்சினாரா?

பச்சைக் கதவு நாய் விலைக்கு உண்டா என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. இனி எழுதவும் வேண்டாம்.