லாயத்து மருந்துப் பெட்டி

குதிரை லாயத்து மருந்துப் பெட்டியைத் திறந்தால் முதலில் கைக்கு அகப்படுவது லாட ஆணி, அடுத்தது பீடிக்கட்டு. அதற்கும் அடியில், மூடி தொலைந்த அயோடின் பாட்டில். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய டெட்டனஸ் தடுப்பூசி ஜன்னலோரம் வெயில் காய்கிறது. ஃபிரிட்ஜ் இல்லையா? இருக்கிறதே, அதில் முதலாளியின் சோடா இருக்கிறது.

தெர்மாமீட்டருக்கு மட்டும் ஒழுங்காகக் கயிறு கட்டியிருப்பார்கள். அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். அது போகிற இடம் குதிரையின் ஆசனவாய். உள்ளே நழுவிவிட்டால் கைவிட்டுத் தேடுவது யார்?

நள்ளிரவில் குதிரை வயிற்றுவலியில் புரளும்போதுதான் பெட்டியின் ஞாபகம் வரும். சாவியோ குதிரைக்காரரோடு ஊருக்குப் போயிருக்கும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. இருட்டில் எதையோ எடுத்துப் புகட்டினால் திரும்பி வராது. ஐயா, மூடியில் கால்நடை மருத்துவரின் போன் நம்பரையாவது எழுதி ஒட்டுங்கள்.