உருளும் பெட்டியும் நாளையின்மையும்: ஓர் ஆய்வு

நள்ளிரவு இரண்டு மணிக்கு அடுக்குமாடிப் படிக்கட்டில் எழும் ‘தடக் தடக்’ என்னும் ஓசையின் காரணங்களை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது சைவ சித்தாந்திகள் காட்டும் உவமை. நம் ஓசைக்குப் படிக்கட்டு முதற்காரணம். துணைக்காரணம் இங்கும் சக்கரமே. அது 1972இல் பெர்னார்ட் சாடோ என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற உருளும் பயணப் பெட்டியின் வழிவந்தது. நிமித்த காரணரைத் தேடும்போதுதான் சிக்கல். விடிந்து நாம் கதவைத் தட்டும்போது அவர் விமான நிலையத்தில் இருப்பார். அவர் கட்டிலில் வேறொருவர் குறட்டை விடுவார்.

அவரை விருந்தினர் என்று சொல்லி நம் வாயை அடைப்போர் உண்டு. ஆராய்ந்தால் அது நிற்காது. அதிதி என்றால் திதி இல்லாதவர், நாள் குறிக்காமல் வருபவர் என்று பொருள் சொல்வார்கள். ஏர்பிஎன்பி என்னும் குறுநாள் வாடகைத் தளத்தின் வழியே வருபவருக்கோ வரும் நாள், போகும் நாள், கதவைத் திறக்கும் எண் எல்லாம் முன்பே குறித்தாயிற்று, காசும் கட்டியாயிற்று. விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். மூன்று நாளுக்கொரு புதுமுகம் என்றால் பொருள் பொருந்துகிறது, சற்று அளவுக்கு மேலாகவே. வள்ளுவர் விருந்தோம்பலுக்குப் பத்துக் குறள் ஒதுக்கினார்; பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தை எடுத்துக் கொடுத்து ஓம்புக என்று அவற்றில் ஒன்றும் சொல்லவில்லை.

அற்றேல், குடியிருப்போர் சத்தம் போடுவதில்லையோ எனின், போடுவர். மாடிவீட்டுப் பையன் மிருதங்கம் பழகலாம். ஆனால் மறுநாள் காலை லிஃப்டில் அவன் அம்மா நம் முகத்தில் விழித்தாக வேண்டும். அடுக்குமாடியில் அமைதியைக் காப்பது அந்த லிஃப்டுதான். குறுநாள் வாடகைக்காரருக்கு அப்படியொரு மறுநாள் கிடையாது. இதனை நாளையின்மை என்க. நியூயார்க் நகரம் இதை உணர்ந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின்படி, 30 நாளுக்குக் குறைவாகத் தங்கவிடுவோர் தாமும் அதே வீட்டில் இருக்க வேண்டும். இருவருக்கு மேல் ஏற்கக் கூடாது. விருந்தாளிக்கு நாளை இல்லையென்றால், வீட்டுக்காரர் தம்முடைய நாளையைப் பிணை வைக்க வேண்டும் என்பது இதன் கருத்து.

என் வீடு, என் உரிமை என்பாரும் உளர். வீடு அவருடையதுதான். படிக்கட்டு எல்லோருக்கும் பொது. முதற்காரணம் அங்கேதான் கிடக்கிறது. ஆகவே குறுநாள் வாடகைக்கு அனுமதி தரவேண்டியவரும் படிக்கட்டுக்கு உரியவரே. இதற்குப் பொருந்துவது ஸ்பெயினில் 2025 ஏப்ரல் 3 முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தம்: இத்தொழிலைப் புதிதாகத் தொடங்க, கட்டட உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் முன்கூட்டியே ஒப்ப வேண்டும். இதெல்லாம் ஒரு தடையா என்று கேட்பாருக்கு ஒரு கணக்கு: பத்து வீட்டுக் கட்டடத்தில் ஆறு பேர் ஒப்ப வேண்டும். தண்ணீர்த் தொட்டியை எந்தக் கிழமை கழுவுவது என்பதில் ஆறு பேர் ஒத்துப்போன சங்கக் கூட்டம் எதுவும் இதுவரை ஆய்வாளர் பார்வைக்கு வந்ததில்லை.