ரொட்டித் துண்டுக்கு ஒரு பஞ்சாயத்து

எங்கள் தெருமுனையில் மூன்று டீக்கடைகள். முதலாளிகள் மூவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் டீ விலை ஏறுகிற நாளில் மட்டும் மூன்று கடையிலும் ஒரே வாசகம் தொங்கும்: 'சங்கத் தீர்மானப்படி.' விமானக் கம்பெனிகளுக்கும் அப்படி ஒரு சங்கம் இருக்கிறது. பெயர் ஐயாட்டா.

1945 ஏப்ரலில் கியூபாவின் ஹவானா நகரில் 57 கம்பெனிகள் கூடி அதை ஆரம்பித்தன. தலைமையகம் மான்ட்ரியால். இன்று உறுப்பினர்கள் சுமார் 350. உலக விமானப் போக்குவரத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இவர்கள் கையில். நம் பெட்டியில் ஒட்டும் சீட்டில் மூன்றெழுத்து இருக்கிறதே, அதை ஒதுக்குவதும் இவர்கள்தான். மெட்ராஸ் 1996-லேயே சென்னையாகிவிட்டது. சங்கத்தின் ஏட்டில் இன்னும் எம்.ஏ.ஏ.தான். தகவல் போய்ச் சேரவில்லை போலும்.

இந்தச் சங்கத்தின் மேல் எனக்கு மரியாதை பிறந்தது, 1958-ஆம் ஆண்டு சாண்ட்விச் தகராறைப் படித்த பிறகு. அந்தக் காலத்தில் சர்வதேச டிக்கெட் விலையைச் சங்கமே கூடி நிர்ணயிக்கும். 1946-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பெர்முடாவில் செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்கு ஆசீர்வாதமும் செய்திருந்தது. எல்லாரும் ஒரே விலை என்றால் போட்டி எதில்? சாப்பாட்டில்தான். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களில் 'எகானமி' என்று ஒரு மலிவு வகுப்பு அப்போது புதிதாக வந்தது. அதில் முழுச் சாப்பாடு கூடாது, சாண்ட்விச் போதும் என்பது விதி. ஐரோப்பியக் கம்பெனிகள் விதியை மீறவில்லை. அடியில் ஒரு ரொட்டித் துண்டை வைத்து, அதன் தலைமேல் ஒரு கல்யாண விருந்தையே ஏற்றி வைத்தன.

அமெரிக்காவின் பான் ஆம் புகார் செய்தது. லண்டனில் பஞ்சாயத்து கூடியது. கண்டம் விட்டுக் கண்டம் விமானம் விடுகிற பெரிய மனிதர்கள் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, எது சாண்ட்விச், எது சாண்ட்விச் ஆகாது என்று வாதாடினார்கள். தீர்ப்பு வந்தது: சாண்ட்விச் எளிமையாக இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, விலை மலிவாக இருக்க வேண்டும், முக்கியமாக, ஆறிப்போயிருக்க வேண்டும். ஸ்காண்டிநேவியக் கம்பெனியான எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு 20,000 டாலர் அபராதம். வயிறாரப் போட்ட குற்றத்துக்கு அபராதம் கட்டிய இன்னொரு கம்பெனியை நான் கேள்விப்பட்டதில்லை.

அதே ஆண்டு சங்கத்தின் பொதுக்குழு டில்லியில் கூடியது. தலைவர் ஜே.ஆர்.டி. டாட்டா. உபசாரத்துக்கே பேர்போன ஏர் இந்தியாவை நடத்தியவரை, சாண்ட்விச்சுக்குக் காவல் போட்ட சங்கத்தின் தலைமையில் உட்கார வைத்த விதியை என்னவென்று சொல்வது!

1978-இல் அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணத்தைத் திறந்துவிட்ட பிறகு, விலை வைக்கும் இந்த ஏற்பாடு மெல்ல மெல்ல வலுவிழந்தது. ஆனால் அளவெடுக்கும் ஆசை மட்டும் போகவில்லை. 2015-இல் கைப்பெட்டியின் லட்சண அளவு 55, 35, 20 சென்டிமீட்டர் என்று மயாமி கூட்டத்தில் அறிவித்தார்கள். உலகமே கொதித்தது. ஒரே வாரத்தில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். முறுக்கு டின் இல்லாமல் விமானம் ஏறாத என் அத்தை இதையெல்லாம் அறியமாட்டாள். அவளிடம் அளவு நாடாவை நீட்டும் துணிச்சல் எந்தச் சங்கத்துக்கும் இல்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே டிக்கெட்டில் மூன்று கம்பெனி விமானம் மாறி ஏறுகிறோம். அந்தப் பணத்தைப் பிரித்துக் கணக்குத் தீர்க்கும் ஏற்பாட்டை 1947-லிருந்து நடத்துவது இதே சங்கம். பாதுகாப்புத் தணிக்கையும் செய்கிறார்கள். உருப்படியான வேலை.

அழுவதிலும் கெட்டிக்காரர்கள். 2025 ஜூனில் மறுபடி டில்லியில் கூடியபோது, பயணி ஒருவரிடம் தங்களுக்கு மிஞ்சுவது 7.20 டாலர்தான் என்று கணக்கு வைத்தார்கள். நம் காசில் சுமார் 600 ரூபாய். கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. வரி அதிகம், விமான நிலையக் கட்டணம் அதிகம் என்று அரசாங்கங்களிடம் முறையிட அவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. ஆறிப்போன அதே சாண்ட்விச்சை இன்று விலை கொடுத்து வாங்கித் தின்கிற நமக்கு அங்கே ஓட்டு கிடையாது.

ஆகவே, ஐயாட்டா பொதுக்குழுவுக்கு ஒரு பயணியின் தாழ்மையான விண்ணப்பம்: அந்த 20,000 டாலரை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.