நிலவறைக் குறும்பாதை இயல்: ஒரு முன்னாய்வு

ஆய்வுப் பொருள்

அமெரிக்க வீடுகளின் நிலவறைகளில் ஓடும் மாதிரி ரயில்களைப் பற்றி நூல்கள் பல உள. அந்த ரயில்கள் தாளில் மட்டும் ஓடும் பருவத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சில வீடுகளில் இப்பருவம் முடிவதே இல்லையாதலின், ஆய்வுக்குச் சான்றுகள் ஏராளம்.

வரலாறு

வில்லியம் பால்மர் 1870இல் கொலராடோவில் டென்வர் அண்டு ரியோ கிராண்ட் ரயில்வேயைத் தொடங்கியபோது 3 அடி அகலக் குறும்பாதையைத் தேர்ந்தார். வழக்கமான அகலம் 4 அடி 8½ அங்குலம். பாதை குறுகினால் நெருக்கமாக வளைக்கலாம், மலையைக் குடைவது குறையும், செலவும் குறையும். இடமில்லை, பணமில்லை என்னும் இவ்விரு காரணங்களும் நிலவறைக்கு அப்படியே பொருந்துதலின், குறும்பாதை ராக்கி மலையைவிட நிலவறைக்கே உரியது என்க.

தடையும் விடையும்

அற்றேல், அது நிலவறையில் எளிதாக அடங்கும் அன்றோ எனின், அடங்காது. அந்த ரயில்வேயில் டுராங்கோவிலிருந்து சில்வர்டனுக்கு 45 மைல். மாதிரி ரயிலுக்கு வழக்கமான அளவான 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் தண்டவாள இடைவெளி பத்தரை மில்லிமீட்டர்தான். தூரமோ அப்போதும் 830 மீட்டர். நிலவறை 30 அடி. ஆகவே இடையிலுள்ள பள்ளத்தாக்குகளைக் கத்தரித்துவிடுவது மரபு. பாதையோரம் ஓடும் அனிமாஸ் ஆறு இரண்டு முழத்தில் வற்றும்.

அளவியல்

வளைவின் ஆரம் 18 அங்குலம் என்று வைத்தால், ரயில் அரைவட்டமடித்துத் திரும்ப 3 அடி வேண்டும். சுவரோர மேசையில் கை சிரமமின்றி எட்டுவதோ 30 அங்குலம். எஞ்சின் கவிழ்வது எஞ்சிய 6 அங்குலத்தில் மட்டுமே என்பது இத்துறையின் முதல் விதி.

ரியோ கிராண்ட் பாதையிலுள்ள கும்ப்ரஸ் கணவாயின் ஏற்றம் நூற்றுக்கு நான்கு. அதே சரிவில் ஒரு பாதை இன்னொன்றின் மேலே தாண்ட 4 அங்குலம் ஏற வேண்டுமானால், 100 அங்குலத் தடம் செலவாகும். இறங்க இன்னொரு 100. நிலவறை நீளத்தில் பாதிக்குமேல் அதிலேயே போய்விடும்.

நிலவியல்

மாற்ற முடியாதவை ஒரு பட்டியல், ஆசைகள் ஒரு பட்டியல் என எழுதிக்கொண்டு தொடங்குவது மாதிரி ரயில் பாதை வடிவமைப்பாளர் ஜான் ஆம்ஸ்ட்ராங் காட்டிய வழி. முதற் பட்டியலில் தூண், படிக்கட்டு, வெந்நீர்த் தொட்டி, வாஷிங் மெஷின் ஆகியன வரும். இரண்டாவதில் கொலராடோ மாநிலம் வரும்.

பால்மருக்கு வெடிமருந்து இருந்தது. நிலவறையாளருக்கு வாஷிங் மெஷினை ஒரு சாண் நகர்த்தும் அதிகாரமும் இல்லை. அது மாடியிலுள்ள தலைமையகத்தைச் சேர்ந்தது. வரைதாளை உற்று நோக்கின் இது விளங்கும். தூண் நிற்கும் கட்டத்தில் மட்டும் ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையாகியிருக்கும். தூண் அங்கேயே இருக்கும்.

சலுகை

ரியோ கிராண்ட் சதர்ன் என்னும் இன்னொரு குறும்பாதைக் கம்பெனி பணமுடையால் 1931 முதல் பழைய கார்களுக்கு ரயில் சக்கரம் பூட்டி ஓட்டியது. 'காலப்பிங் கூஸ்' என்று பெயர் பெற்ற அவ்வண்டி தனியே ஒரு ரயில். அதற்கு ஒரு சாண் பிளாட்பாரம் போதும். இடமற்றோர் இதைத் தயங்காமல் சான்று காட்டலாம்.

முடிபு

தண்டவாளத்துக்கு முதல் ஆணி அடிக்குமுன், வெந்நீர்த் தொட்டியை வெளியே எடுக்க வழி விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ராக்கி மலை தேயப் பல கோடி ஆண்டுகள் ஆகும். தொட்டி பத்துப் பதினைந்து ஆண்டில் ஒழுகும்.