ஆயிரம் கஜத்து ஆசாமி

அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் புறநகர் ஒன்றில் இருக்கும் இந்த ஆசாமியிடம் துப்பாக்கி உண்டா இல்லையா என்பது சிக்கலான கேள்வி. சட்டத்தைக் கேட்டால், உண்டு. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, போல்ட் முன்னும் பின்னும் ஓடுகிற அந்த இரும்புக் கூடுதான் துப்பாக்கி. பேரல், கட்டை, விசை, ஸ்கோப் எல்லாம் வெறும் சாமான்கள். கூரியர்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போவார். கூட்டுக்கு மட்டும் உரிமம் பெற்ற கடைக்குப் போய், 4473 என்ற படிவத்தை நிரப்பி, எஃப்.பி.ஐ. தன் ஏடுகளைப் புரட்டி ‘சரி’ சொல்லும்வரை நிற்க வேண்டும். ஆசாமி நின்றார், வாங்கினார். கூடு வந்த அட்டைப்பெட்டியிலேயே, எண்ணெய்த்தாள் சுற்றியபடி, இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. மூன்றாவது வருஷம் நடக்கிறது. ஆக, சட்டப்படி அவர் ஆயுதம் வைத்திருப்பவர். இப்போதைக்கு அதனால் யாரையாவது காயப்படுத்த வேண்டுமென்றால் எடுத்து வீசினால்தான் உண்டு.

அசல் துப்பாக்கி எக்செலில் இருக்கிறது. ஆசாமிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ரிஸ்க் கணக்குப் போடும் உத்தியோகம்; கட்டம் போடாமல் அவரால் பல்லே தேய்க்க முடியாது. ஒவ்வொரு உறுப்புக்கும் மூன்று கம்பெனி, விலை டாலரில், எடை அவுன்ஸில், காத்திருப்பு வாரத்தில். மிகக் கீழே மொத்தத் தொகை. அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் எழுத்தின் நிறம் வெள்ளை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. மனைவி பின்னால் வந்து நின்றாலும் குடும்ப அமைதி கெடாது.

இந்த வியாதிக்கு மூலகாரணம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், 1962-இல் ரெமிங்டன் கம்பெனி கொண்டுவந்த 700 என்ற மாடலைச் சொல்லலாம். கம்பெனி 2018-இலும் 2020-இலும் திவால் மனு போட்டது. அந்தத் துப்பாக்கியின் அடிப்பாக அளவு மட்டும் சாகாவரம் பெற்றுவிட்டது. கட்டை செய்கிறவர் அந்த அளவுக்குத்தான் குடைகிறார். விசை செய்கிறவர் அந்த அளவுக்குத்தான் செய்கிறார். ஆகவே கூடு கடைகிற புதுப் பட்டறைகளில் பலவும், தங்கள் கைத்திறனைக் காட்டிக்கொண்டே, அதே அளவில் கடைகின்றன. எதை எதோடு வேண்டுமானாலும் பூட்டலாம். ஆசாமியின் தூக்கம் போனது அங்கேதான்.

பெண்ணுக்கு வரன் பார்க்கிற நம் ஊர் அப்பா பத்துப் பொருத்தம் பார்ப்பார். இவர் பார்ப்பதற்குக் கணக்கில்லை. குண்டின் நீளத்துக்கும் பேரலின் உள்முறுக்குக்கும் பொருத்தம்: நீளக் குண்டு என்றால் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும், பத்துக்கு ஒன்று போதாது. பேரலின் கனத்துக்கும் கட்டையின் வாய்க்காலுக்கும் பொருத்தம். ஸ்கோப்பின் முன்கண்ணாடிக்கும் அதைத் தாங்கும் வளையத்தின் உயரத்துக்கும் பொருத்தம். அந்த உயரத்துக்கும் ஆசாமியின் கன்ன எலும்புக்கும் பொருத்தம். பத்தில் ஏழு தேறினாலே அப்பா கல்யாண மண்டபம் விசாரிக்கப் போய்விடுவார். இவருக்கு எல்லாம் தேறிய அன்றைக்குச் சந்தையில் புதிதாக ஒரு வரன் வந்து இறங்கும்.

கேலிபர், அதாவது தோட்டாவின் ரகம், தேர்ந்தெடுத்த கதையைக் கேளுங்கள். முதலில் 308 வின்செஸ்டர் என்றார். 1952-இல் பிறந்தது, அனுபவசாலி, எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும். ஒரு குளிர்காலம் போயிற்று. பிறகு 6.5 கிரீட்மோர்: ஹார்னடி கம்பெனி 2007-இல் கொண்டுவந்தது, உதைப்பு குறைவு, காற்றில் அவ்வளவாக ஒதுங்காது. இப்போது ஆறு மில்லிமீட்டர்ப் பக்கம் மனம் சாய்ந்திருக்கிறது. வீட்டுக்குக் கீழே நிலவறையில், தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்ளும் மேசை, தராசு, மூன்று கேலிபருக்கும் டை செட் எல்லாம் தயார். தோட்டா அடைக்கும் வசதி மூன்றுக்கு, சுடும் வசதி பூஜ்யத்துக்கு.

கிரீட்மோர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஆசாமி அதை மனப்பாடமாக ஒப்பிப்பார். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கிரீட் குடும்பத்தாரின் பண்ணை நிலத்தை வாங்கிச் சுடும் மைதானம் ஆக்கினார்கள். 1874-இல் அங்கே அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போட்டி: 800, 900, 1000 கஜம். ஐரிஷ்காரர்கள் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய ரகத்தில் சுட்டார்கள், அமெரிக்கர்கள் பின்பக்கம் தோட்டா போடும் புது ரகத்தில். 934-க்கு 931 என்று அமெரிக்கா ஜெயித்தது. ஐரிஷ் அணியின் மில்னர் என்பவர் ஒரு குண்டை நட்டநடுப் புள்ளியில்தான் இறக்கினார், ஆனால் பக்கத்துப் பலகையில். அது சொந்தப் பலகையில் விழுந்திருந்தால் வெற்றி அயர்லாந்துக்குப் போயிருக்கும். இந்த இடத்தில் ஆசாமி நிறுத்தி, “பார்த்தீர்களா, துப்பாக்கி மேல் தப்பே இல்லை” என்பார். அவர் சொல்லாமல் விடும் மிச்சக் கதையை நான் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் போட்டிகள் வேறிடம் போயின, அந்த நிலம் அரசாங்கத்திடம் வந்தது. 1912-இல் அங்கே மனநல மருத்துவமனை திறந்தார்கள். இன்றும் அதே பெயரில் நடக்கிறது.

“இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு முன்பு ஒரு பதில் வைத்திருந்தார்: மான் வேட்டைக்கு. அந்தப் பதில் உள்ளூரில் செல்லாது. ஓஹையோவில் மானைச் சுட நீண்டகாலம் பெரும்பாலும் ஷாட்கன்தான். 2014 முதல் கழுத்து குறுகாத, நேர்ச்சுவர்த் தோட்டா போடும் ரைஃபிளையும் அனுமதித்தார்கள். இவர் எக்செலில் இருப்பவை அத்தனையும் கழுத்து குறுகிய ஜாதி. அவற்றோடு இந்த மாநில மானை நெருங்கினால் வழக்குத்தான் வரும். மான் பருவத்தில் மச்சானின் ஷாட்கன்னை இரவல் வாங்கிக்கொண்டு போவார். எனவே இப்போது பதிலை மாற்றியிருக்கிறார்: “ஆயிரம் கஜத்துக்கு.” மீட்டரில் சொன்னால் 914. அவ்வளவு தூரத்தில் இருக்கும் தகட்டுக்குக் குண்டு போய்ச்சேர ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். பட்டால் ‘கணீர்’ என்ற சத்தம் திரும்பி வர இன்னும் இரண்டரை வினாடிக்கு மேல்.

உறுப்பினராக இருக்கும் கிளப்பின் மைதானம் நூறு கஜம். அதற்கு அப்பால் மண்மேடு, மண்மேட்டுக்கு அப்பால் சோளக்கொல்லை, அதற்கும் அப்பால் நெடுஞ்சாலை. சனிக்கிழமை தோறும் ஆசாமி அங்கே ஆஜர், துப்பாக்கி இல்லாமல். கையில் காற்றுமானி, நோட்டுப்புத்தகம், கைபேசியில் குண்டின் பாதையைக் கணக்கிடும் செயலி. பூமியின் சுழற்சி குண்டை எவ்வளவு ஒதுக்கும் என்பதற்கு ஊரின் அட்சரேகையைக்கூடச் செயலியில் ஏற்றி வைத்திருக்கிறார். ஆயிரம் கஜத்தில் அது இரண்டு மூன்று அங்குலம். நூறு கஜத்தில் கணக்குப் போட்டால் அரை மில்லிமீட்டர் தேறினால் அதிகம்.

அடுத்தவர் துப்பாக்கியைப் பற்றி அவர் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் சரியானவை. இதை நான் ஒத்துக்கொண்டாக வேண்டும். ‘ஸ்கோப்பில் கஞ்சத்தனம் பண்ணாதே’ என்பது அவர் வேதம். பத்து வருஷம் சுட்டவர்களும் அதையே சொல்கிறார்கள். ‘அழுவதானால் வாங்குகிற அன்றைக்கு ஒரே தடவையாக அழு’ என்பது அங்கே எல்லோரும் சொல்லும் சொலவடை. இவர் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

துல்லியம் பற்றி அவருடைய நிபந்தனை: அரை எம்.ஓ.ஏ. அதாவது ஒரு பாகையில் நூற்றிருபதில் ஒரு பங்கு. நூறு கஜத்தில் அரை அங்குலம், ஆயிரம் கஜத்தில் ஐந்து அங்குலம். அதற்கு மேல் ஒரு நூல் போனாலும் பேரலைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். இதே ஆயிரம் கஜத்தில் பக்கவாட்டுக் காற்றை மணிக்கு ஒரு மைல் தப்பாகக் கணித்தால், 6.5 கிரீட்மோர் குண்டு ஆறேழு அங்குலம் ஒதுங்கிவிடும். காற்றுமானி சொல்வது நிற்கிற இடத்துக் காற்றை. எழுநூறாவது கஜத்தில் என்ன வீசுகிறது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி பல நூறு தோட்டா சுட்டுத் தவறுவது. எக்செலில் எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு, இதற்கு மட்டும் இல்லை. யாரும் விற்பதில்லை அல்லவா?

பேரல் பூட்டித் தருகிற பட்டறைக்காரர் ஒருவர் ஊரில் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல்; லேத் மெஷினுக்கு அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆசாமி மாதம் ஒரு தடவை போவார்.

“தம்பி, பேரலுக்கு எழுதிக்கட்டுமா? ஆர்டர் போட்டா வந்துசேர மாசக்கணக்காகும்.”

“ஒரு சின்ன சந்தேகம் சார். இருபத்தாறு அங்குலமா, இருபத்திநாலான்னு…”

“இருபத்தாறு வாங்கு. ஜாஸ்தியாத் தெரிஞ்சா வெட்டித் தர்றேன்.”

“வெட்டினா அதிர்வு மாறுமே சார்?”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். அவருடைய ஆர்டர் நோட்டில், இவருக்குப் பேரல் எழுதவேண்டிய பக்கத்தில் போன வருஷம் ஒரு வரி எழுதி, அடித்து, மேலே ஒன்று எழுதி, அதையும் அடித்திருக்கிறார். இப்போது பென்சிலில் எழுதுகிறார்.

மனைவி சாதாரணமாக இதில் தலையிடுவதில்லை. ஒரு நாள் மட்டும் கேட்டார்.

“இந்தப் பேரல் எவ்வளவு நாளைக்கு வரும்?”

“ரெண்டாயிரத்து ஐந்நூறு குண்டு தாங்கும்.”

அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு குண்டு பேரலுக்குள் எவ்வளவு நேரம் இருக்கும் என்று விசாரித்தார். ஆயிரத்தில் ஒன்றேகால் வினாடி என்று ஆசாமி வாய்தவறிச் சொல்லிவிட்டார். பெருக்கிப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க அந்தப் பேரல் வேலை செய்யப்போவது மூன்று வினாடிச் சில்லறை. “மூணு செகண்டுக்கு எண்ணூறு டாலரா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள், “கிச்சன்ல குழாய் ஒழுகுது. அதுக்கும் ஒரு ஷீட் போடுங்க” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

வருஷம் ஒருமுறை ஆசாமி மூன்று மணி நேரம் காரோட்டி, மாநிலத்தின் தெற்கே மலைப்பக்கத்துப் பண்ணையொன்றில் நடக்கும் நெடுந்தூரப் போட்டிக்குப் போவார். வேடிக்கை பார்க்க. அங்கே பால்பண்ணைக்கார அம்மாள் ஒருவர் தவறாமல் வருவார். கையில் ஃபின்லாந்தின் டிக்கா ரைஃபிள், கடையில் இருந்ததை இருந்தபடியே வாங்கியது, ஆயிரம் டாலருக்குள். கட்டையில் கன்னம் வைக்கும் இடத்தில் ஒரு ஸ்பாஞ்சைப் பசைநாடாவால் சுற்றியிருப்பார். படுப்பார், ஸ்கோப் வழியே கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார், சுடுவார். கணீர். மறுபடியும் கணீர். ஆசாமிக்குப் பொறுக்கவில்லை, பக்கத்தில் போனார்.

“விசை எந்தக் கம்பெனி அம்மா?”

“அதுலயே இருந்தது.”

“பேரல்?”

“அதுல இருந்தது சுட்டுச் சுட்டுத் தேய்ஞ்சு போச்சு. வேற போட்டேன்.”

ஆசாமியின் முகம் மலர்ந்தது. நோட்டைப் பிரித்தார். “அந்த வேற பேரல் எந்தக் கம்பெனி?”

அன்று ராத்திரியே எக்செலில் புதிதாக ஒரு வரிசை முளைத்தது.

ஒன்று சொல்கிறேன். துப்பாக்கி என்றதும் அமெரிக்காவைப் பற்றி நமக்கு நினைவு வருகிற செய்திகள் வேறு. அந்தச் செய்திகளில் இந்த ஆசாமி ஒருநாளும் வரமாட்டார். அந்த நாட்டில் ஆயுதம் வைத்திருப்பவர்களில் இவரைவிட சாது கிடைப்பது கஷ்டம். இவருடைய துப்பாக்கியிலிருந்து இதுவரை ஒரு குண்டும் வெளியே போனதில்லை. போகும் என்பதற்கு அறிகுறியும் இல்லை. செலவு என்று பார்த்தால் ஒரு கூடு, ஒரு மேசை, ஒரு தராசு, மூன்று டை செட், ஒரு காற்றுமானி. கோல்ஃப் ஆடுகிறவர்கள் இதைவிட அதிகம் தொலைக்கிறார்கள்.

என்றாவது விருந்து ஒன்றில் இவர் பக்கத்தில் நீங்கள் உட்கார நேர்ந்தால், “துப்பாக்கி எப்போது தயாராகும்?” என்று மட்டும் கேட்காதீர்கள், பாவம், மனசு கஷ்டப்படும். வேட்டையைப் பற்றி, அரசியலைப் பற்றிப் பேசுங்கள், ஆபத்தில்லை. “ஆறு மில்லிமீட்டரா, ஆறரையா?” என்று கேட்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் சாப்பிட்டு முடியுங்கள். வீட்டுக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்றும் சொல்லிவிடுங்கள்.