தாளிப்புக் கரண்டியின் கொள்ளளவு: லோ கார்ப் இல்லங்களில் கலோரி மதிப்பிடப்படும் முறை குறித்த முதற்கட்ட ஆய்வு

ஆய்வுப் பொருளின் எல்லையை முதலில் வரையறுத்துவிடுவது மரபு. சோற்றை விட்டுவிட்டு, ‘பேலியோ’ என்றும் ‘லோ கார்ப்’ என்றும் வீட்டுப் பெரியவர்களால் ‘அந்தக் கறி டயட்’ என்றும் வழங்கப்படும் உணவுநெறியில் இறங்கிய ஒருவர், தான் ஒரு நாளில் எத்தனை கலோரி உண்டோம் என்பதை எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பதே பொருள். களம், தமிழ்நாட்டு நடுத்தர வீடு. கருவி, தாளிப்புக் கரண்டி. கிச்சன் தராசுகள் பல வீடுகளில் இருப்பதாகத் தெரிகிறது. ஆயினும் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்த தராசு அரிதாகையால் அது கருவியாகக் கொள்ளப்படவில்லை.

முன்னோர் பணியைச் சொல்லாமல் எந்த ஆய்வேடும் தேறாது. இத்துறையின் ஆதிபுருஷர் இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ. தராசிலிருந்து தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, உண்டதையும் கழித்ததையும் தன்னையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்துப் பார்த்தவர். 1614இல் நூலாகவும் வெளியிட்டார். உள்ளே போனதில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாமலேயே உடலைவிட்டு ஆவியாகப் போய்விடுகிறது என்பது அவர் கண்டது. தமிழ் இல்லத்திலும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பகுதி உண்டு. ஆனால் அது வெளியேறுவதில்லை, உள்ளே போகிறது. நம் ஆய்வு சாந்தோரியோவிடமிருந்து பிரியும் இடம் இதுதான்.

அடுத்தவர் வில்லியம் பேண்டிங். லண்டனில் இறுதிச்சடங்கு ஏற்பாடுகளைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். குனிந்து செருப்பு மாட்ட முடியாத பருமனில் இருந்து, மருத்துவர் ஹார்வியின் யோசனைப்படி மாவையும் சர்க்கரையையும் குறைத்து இளைத்து, 1863இல் அதைச் சிறு பிரசுரமாக அச்சிட்டு ஊருக்குச் சொன்னார். அவர் விலக்கச் சொன்னவை ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு. பட்டியலின் இரண்டாவது பொருளை வாசகர் மறுமுறை பார்க்கவும். மற்ற ஐந்தையும் சிறையிலேயே வைத்துவிட்டு, வெண்ணெய்க்கு மட்டும் பூரண விடுதலை வழங்கியது பிற்காலத்து உரைகாரர்கள் செய்த வேலை. தவிர, பேண்டிங் இறைச்சியைக் கூட அவுன்ஸ் கணக்கில்தான் எழுதிவைத்தார். அந்த அவுன்ஸும் நம்மவரை எட்டவில்லை.

மூன்றாமவர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்து அட்வாட்டர். 1890களில் மூடிய சிறு அறையொன்றில் ஆட்களை நாள்கணக்கில் உள்ளே வைத்து, உடல்விடும் வெப்பத்தை அளந்தார். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்று உணவுப் பொட்டலங்களின் பின்பக்கம் அச்சாகும் கணக்கு அவர் வழிவந்ததுதான். அவருடைய எண்கள் அவ்வளவு துல்லியமாக வந்ததற்கு அறையின் அமைப்பைக் காரணமாகச் சொல்வார்கள். அந்த அறைக்குள் மாமியார் யாரும் வர இயலாது என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி ஆய்வின் மையக் கருத்து.

தமிழர் அளவை அறியாதவர் அல்லர். 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. நெல்மணியை எண்ணித் தொடங்கும் வாய்ப்பாடு இது. இன்றைக்கும் அரிசி உலையில் விழுமுன் டம்ளரில் அளக்கப்படுகிறது. இட்லி எண்ணப்படுகிறது. தோசையை எண்ணுவதோடு, “இது மூணாவது” என்று அறிவிப்பும் செய்யப்படுகிறது. சப்பாத்திக்கு மாவு பிசையும்போதே தலைக்கு இத்தனை என்று உருண்டை பிடித்தாகிவிடும். ஆக, மாவுச்சத்து விஷயத்தில் நம் வீடுகள் ஏறக்குறைய ஆய்வுக்கூடத் தரத்தில் இயங்குகின்றன.

கொழுப்புக்கு வந்தால் வாய்ப்பாடு நின்றுவிடுகிறது. எண்ணெய் ‘விடப்படுகிறது’. நெய் ‘ஊற்றப்படுகிறது’. தேங்காய் ‘கொஞ்சம் அரைத்து’ச் சேர்கிறது. சமையல் குறிப்பில் எண்ணெய்க்கு எதிரே ‘தேவையான அளவு’ என்று எழுதியிருக்கும். யாருக்குத் தேவையான அளவு என்பதை எந்தக் குறிப்பும் சொன்னதில்லை.

எனவே ஒருவர் லோ கார்ப்புக்கு மாறும் நாளில் நிகழ்வது இது: காலங்காலமாக அளந்து வந்த பொருள்கள் அனைத்தும் இலையைவிட்டுப் போகின்றன. ஒருபோதும் அளக்காத பொருள்கள் மட்டும் இலையில் மிஞ்சுகின்றன. அளவின் பிழை எவ்வளவு என்று பார்ப்போம். சோற்றில் கைதவறி 10 கிராம் கூடினால் 13 கலோரி. நெய்யில் அதே 10 கிராம் தவறினால் 90. பழைய உணவில் கை எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அரிசி மன்னித்துவிடும். நெய் மன்னிக்காது.

தாளிப்புக் கரண்டிக்கு வருவோம். நீண்ட காம்பும் குழிந்த கிண்ணமும் கொண்ட இந்த இரும்புக் கரண்டி, சமையலறையில் பெரும்பாலும் அம்மா காலத்தது, சில வீடுகளில் பாட்டி காலத்தது. அதன் கொள்ளளவு எங்கும் பொறிக்கப்படவில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி, அதாவது இரண்டு அல்லது மூன்று இட்லி. தாளிப்புக் கரண்டிக்குள் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை விட்டாலும் அது பாதிகூட நிறையாதது போலவே காட்சி தரும். கடுகு வெடிக்கவும் கறிவேப்பிலை பொரியவும் அந்த அளவு வேண்டும் என்பது சமைப்பவர் தரப்பு. அதில் நியாயமும் உண்டு. குறை எண்ணெயில் தாளித்த பொரியலை எடை குறைப்பவரே தின்னமாட்டார்.

இப்பொருளை நூற்பா வடிவில் யாத்துவைத்தால் மாணவர் மனனம் செய்ய உதவும்:

அரிசி அளவின; முட்டை எண்ணின;
நெய்யே மனத்தின.

உரை: இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், உண்பொருள்கள் அளக்கப்படும் வகை உணர்த்துதல் நுதலிற்று. ‘மனத்தின’ என்றது விடுபவர் மனம் என்க, உண்பவர் மனம் அன்று. ‘நெய்யே’ என்ற ஏகாரத்தால் நல்லெண்ணெய், வெண்ணெய், தேங்காய்ப்பால் ஆகியனவும் கொள்க. ஏகாரம் பிரிநிலைப் பொருளது, ஆதலின் நெய்யன்றிப் பிற கொள்ளலாகாது என்பாரும் உளர். அவர் வீட்டில் சமைப்பவர் அவரல்லர்.

முட்டையை எண்ணின என்றோம். பாதாமும் எண்ணப்படும் பொருளே. தமிழ்நாட்டு லோ கார்ப் வட்டாரத்தில் காலை உணவாக நூறு பாதாமை நெய்யில் வறுத்துத் தின்னும் வழக்கம் பரவலாக உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடத் தெளிவான அளவு இருக்க முடியாது. ஆனால் நூறு பாதாம் ஏறத்தாழ 120 கிராம். அட்வாட்டர் கணக்குப்படி 700 கலோரி. இங்கே ஆய்வாளர்கள் குழப்பம் ஒன்றைக் கிளப்பிவிட்டார்கள். அமெரிக்க வேளாண் துறையினர் 2012இல் பாதாமை மனிதருக்குக் கொடுத்து அளந்து பார்த்து, பொட்டலத்துக் கணக்கு, உடலுக்கு உண்மையில் சேரும் கலோரியைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்றனர். 2016இல் மீண்டும் அளந்தபோது, முழுப் பச்சைப் பாதாம் கிராமுக்கு 4.4, வறுத்தது 4.9, விழுதாக அரைத்தது 6.5 என்று வந்தது. மெல்லும்போது உடையாத செல்களுக்குள் சிக்கிய கொழுப்பு செரிக்காமலே போய்விடுகிறது என்பது காரணம்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், பாதாமின் கலோரி தின்பவரின் பல்லைப் பொறுத்தது. கடைவாய்ப் பல் விழுந்த மாமாவும் கல்லூரிக்குப் போகும் மருமகனும் ஒரே தட்டில் தின்றாலும் ஒரே கலோரி தின்பதில்லை. இந்தச் செய்தியை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் ‘பாதாமில் மூன்றில் ஒரு பங்கு இலவசம்’ என்று முடிவுகட்டி, நூறை நூற்றைம்பதாக்கியதும் உண்டு. வறுத்த நெய்யோ எந்த நிலையிலும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அது பாதாமோடு சேர்த்தியாம்.

அடுத்தது, மூன்றாம் தரப்பு வரவு. கணக்கு எழுதுபவர் ஹாலில் போனோடு இருக்கிறார், எண்ணெய் ஊற்றுபவர் அடுப்படியில் இருக்கிறார். இவருக்கும் அவருக்கும் இடையே எழுத்துவழித் தொடர்பு கிடையாது. செயலியில் ‘சிக்கன் கறி, ஒரு கப்’ என்று தேடினால் ஏழெட்டு விடை வரும். உள்ளதிலேயே குறைந்த எண்ணை விரல் தானாகத் தொடும். (கப் என்பது எந்தக் கப் என்பது தனி ஆய்வுக்குரியது.) ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் உணவுப்பொருள்களுக்கு நம்பகமான அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அந்நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் தொடங்கி 1958இல்தான் ஹைதராபாத் போனது என்பதால் அட்டவணையில் நமக்கும் பிறந்தவீட்டு உரிமை உண்டு. ஆனால் அதில் இருப்பவை நூறு கிராம் கோழி, நூறு கிராம் தேங்காய் என்ற வகையில்தான். அத்தை வைத்த குழம்பு அட்டவணையில் இல்லை.

அத்தையின் பங்கைக் களத்தில் கேட்டபடி பதிவு செய்கிறோம்:

“இன்னொரு கரண்டி நெய் விட்டுக்கங்க மாப்பிள்ளை.”

“போதும் அத்தை.”

“அதுல கார்ப் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? சோறும் வேண்டாம், இதுவும் வேண்டாம்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

‘போதும்’ என்ற சொல் ஒலிப்பதற்கும் கரண்டி நிமிர்வதற்கும் இடையே ஒரு கால இடைவெளி உண்டு. நெய் விழுவது அந்த இடைவெளியில்தான். அத்தை மீது பழி சொல்வதற்கில்லை. டயட்டின் கோட்பாட்டை வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவரே. கார்ப் இல்லை என்றால் கணக்கும் இல்லை என்று மாப்பிள்ளை நடந்துகாட்டியதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவே.

தடை: லோ கார்ப்பில் கலோரி எண்ண வேண்டியதே இல்லையே, பசி தானாக அடங்குமே? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. புரதம் பசியை அடக்கும், செரிமானத்துக்கே அதன் கலோரியில் நான்கில் ஒரு பங்கு அளவு செலவாகும். ஸ்டான்போர்டில் 609 பேரை வைத்து ஓராண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், யாருக்கும் கலோரி வரம்பு விதிக்கவில்லை. கொழுப்பைக் குறைத்தவர்களும் மாவைக் குறைத்தவர்களும் சராசரியாக 5, 6 கிலோ இளைத்தார்கள். இரு அணிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

விடை: அவர்கள் கலோரியை எண்ணவில்லை, ஆனால் குறைத்துத்தான் உண்டார்கள். இன்னொன்று, அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2021இல் வெளியிட்டது. இருபது பேரை ஆய்வு விடுதியில் தங்கவைத்து, வேண்டிய அளவு உண்ணலாம் என்று விட்டார்கள். மாவு குறைந்து கொழுப்பு மிகுந்த உணவில் இருந்தபோது, கொழுப்பு குறைந்து மாவு மிகுந்த உணவில் இருந்ததைவிட அவர்கள் நாளொன்றுக்கு 700 கலோரி அளவு கூடுதலாகவே உண்டார்கள். எந்த உணவில் அதிகம் பசித்தது என்று கேட்டால், இரண்டிலும் ஒன்றுபோலத்தான் என்றார்கள். பசியை அளவுகோலாக நம்புகிறவர் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

முதல் வாரத்து எடைக்குறைவு இந்த மயக்கத்தை வளர்க்கிறது. உடலில் சேமித்த கிளைக்கோஜன் கரையும்போது, கிராமுக்கு மூன்று கிராம் அளவு நீரையும் கூட்டிக்கொண்டு போகும். தராசு இரண்டு மூன்று கிலோ இறங்கிக் காட்டும். சொந்தபந்தமெல்லாம் கூப்பிட்டு விசாரிக்கும். தண்ணீர் தீர்ந்த பிறகு ‘வெயிட் ஸ்டக் ஆயிடுச்சு’ என்ற காலகட்டம் தொடங்குகிறது. அப்போதும் குற்றம் சாட்டப்படுவது தைராய்டு, தூக்கமின்மை, போன ஞாயிற்றுக்கிழமை தின்ற ஒரு துண்டு மாம்பழம் ஆகியவையே. ‘நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் தின்கிறேன், இளைக்க மாட்டேனென்கிறது’ என்றவர்களை அமெரிக்காவில் அளந்து 1992இல் வெளியிட்டார்கள். தின்றதில் 47 விழுக்காட்டைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். தாங்கள் எழுதியதை அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

ஆதலின் இவ்வாய்வு பரிந்துரைக்கும் முறை, தட்டை விட்டுவிட்டு மளிகைச் சீட்டைப் பார்ப்பது. தட்டில் நெய் மறைந்துகொள்ளும். பில்லில் மறையாது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 8,200 கலோரி. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறோமோ, அதிலிருந்து அப்பளம் பொரித்து வடிகட்டி வைத்ததைக் கழித்து, தலையால் வகுத்தால் போதும். அரை லிட்டர் நெய் பாட்டில் 4,000 கலோரிக்குச் சற்று மேல். ஒருவரே அதை 15 நாளில் தீர்த்தால் நாளுக்கு 270. மாதத்துக்கு 8,100. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற பழைய தோராயக் கணக்கை வைத்தால், மாதம் இறங்க வேண்டிய ஒரு கிலோ அந்த மாதத்து இரண்டு பாட்டில்களுக்குள் இருக்கிறது. தைராய்டுப் பரிசோதனைக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

லோ கார்ப் அன்பர்கள் அடுத்த நெய் பாட்டிலைத் திறக்கும் நாளில் மூடியின்மேல் தேதியை எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தீர்ந்த நாளில் வகுத்துக்கொள்ளுங்கள். அதுவரை சமைப்பவரிடம் மூச்சுவிட வேண்டாம். தெரிந்தால் கரண்டி சுருங்கிவிடும், ஆய்வு கெட்டுப்போகும்.